காத்தாயி மடிக்க மறுத்த ஹோஸ்

இலங்கையில், மாத்தளைப் பக்கத்து நாலந்தாவுக்குச் சற்று வடக்கே, தம்புள்ளை ரோட்டின் வளைவொன்றுக்கு மேலே ஸக்கரியா முதலாளியின் கல்குவாரி இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அங்கே நாற்பது பேர் வேலை செய்தார்கள். அந்த நாற்பது பேரில் காத்தாயி ஒருத்தி கையில் மட்டும் சுத்தியலும் இருக்காது, தலையில் கூடையும் இருக்காது. ஒரு ஹோஸை மடித்துப் பிடிப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

அது காற்று ஹோஸ். காற்றை அமுக்கி அனுப்பும் கம்பிரஷர் கீழே ரோட்டோரம் நிற்கும். மேலே இழுத்துவர முடியாத கனம். அங்கிருந்து துணியும் ரப்பருமாகச் சுற்றிச் செய்த கறுப்பு ஹோஸ் ஒன்று பாறையில் ஏறி, விளிம்பைத் தாண்டி, துளை போடும் மெஷினுக்கு வரும். மெஷினைப் பிடிப்பவன் இருளாண்டி. துளை ஆழமானதும் உள்ளே தங்கிய கல்தூளை ஊதி வெளியேற்ற வேண்டும். அதற்கு ஹோஸை மெஷினிலிருந்து கழற்றி ஓர் இரும்புக் குழலில் மாட்டுவார்கள். தூள் போனதும் மறுபடி மெஷினில் மாட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் காற்றை நிறுத்த யாராவது கீழே இறங்கிப்போய்க் கம்பிரஷரில் வால்வை மூட வேண்டும், பிறகு திறக்க வேண்டும்.

"இப்பிடி ஏறி எறங்கினா ஒரு நாளைக்கு நாலு தொளைகூட விழாது" என்று கணக்குப் போட்ட, ஆட்களை வேலை வாங்கும் ஓவசியர் செல்லச்சாமி, குறுக்குவழியாகக் காத்தாயியைப் பிடித்துப் போட்டார். இருளாண்டி கையைத் தூக்கினால் அவள் ஹோஸை இரண்டாக மடித்து, மடிப்பை முழங்காலுக்கடியில் வைத்து நெரிப்பாள். காற்று அடைபட்டு உறுமும். அவன் வேலையை முடித்துக் கையை இறக்கினால் விடுவாள். நல்ல உடம்பு வலு அவளுக்கு. அதனால்தான் அந்த வேலை.

உடம்பைப் போலவே வாயும். ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் போட்டவள். முப்பத்திரண்டாவது வயதில் ஒரு சித்திரை மாதம், மத்தியானம் மலையை மூடிக்கொண்டு இடி இறங்கியபோது, வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டக்டர் பெண்களைத் தேயிலை நிரையை விட்டு நகர விடவில்லை. "இடி விழுற மலையில நான் நிக்கமாட்டேன். நீங்க வேணுமுன்னா நின்னுக்கங்க" என்று அவள் கூடையோடு இறங்கினாள். அவள் பின்னால் இருபது பெண்கள் இறங்கினார்கள். மறுநாள் காலையில் வேலைப் பதிவிலிருந்து அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். அவள் புருஷன் அழகையா, யார் திட்டினாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர். அன்றைக்கும் தரையைப் பார்த்தபடியே சட்டிபானையைக் கட்டினார். இருவரும் பஸ் ஏறி நாலந்தாப் பக்கம் வந்தது அப்படித்தான்.

குவாரியில் சேர்ந்து எட்டு மாதம் ஆனபோது காத்தாயி ஒன்றைக் கவனித்தாள். அவள் உட்காரும் பாறைக்கு நேராக, தினமும் முப்பது தடவை மடிகிற அந்த ஒரே இடத்தில் ஹோஸின் தோல் வெடித்திருந்தது, பித்தவெடிப்பு வந்த குதிகால்போல. வெடிப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே துணி தெரிந்தது. போதாததற்கு, விளிம்பில் கூரான பாறை முனையிலும் அது சப்பையாகிக் கிடந்தது.

ஓவசியரிடம் போனாள்.

"ஐயா, இனிமே இந்த எடத்துல மடிக்க ஏலாது. துணி தெரியுது."

"புது ஹோஸுக்கு எழுதிப் போட்டிருக்கு. கொழும்புலயே இல்லையாம். பெர்மிட் இல்லாம கப்பல்ல ஏத்தமாட்டானுங்களாம். அதுவரைக்கும் சீலையைச் சுத்திக் கம்பி கட்டு."

"சீலை கட்டினா வெடிப்பு மறையும் ஐயா. காத்துக்குத் தெரியாமப் போகுமா?"

"ஒனக்கு எதுக்குக் காத்தோட வேலை? மடிக்கச் சொன்னா மடி."

அவள் மடித்தாள். அந்த ஒரு தடவை சொன்னபடி கேட்டதை அவள் பிறகு எத்தனையோ வருஷம் தன் வாயாலேயே சொல்லித் திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், இருளாண்டி கையைத் தூக்கினான். காத்தாயி மடித்து முழங்காலைப் போட்டாள். அவன் குந்தியிருந்து, ஹோஸ் முனையை மெஷினோடு பூட்டும் கப்ளிங்கைக் கழற்றி, இரும்புக் குழலை எடுக்கத் திரும்பினான். மடிப்பின் முதுகு பிளந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹோஸ் அவள் முழங்காலை உதறித் தள்ளிக்கொண்டு விரிந்தது. விரிந்ததும் காற்று முனைக்குப் பாய, இரும்புக் கப்ளிங்கோடு அந்த முனை எழும்பிச் சுழன்று இருளாண்டியின் முகத்தில் அடித்தது. ஒரே அடி. அவன் சத்தம்கூடப் போடவில்லை. சாய்ந்துவிட்டான்.

கல் ஏற்ற வந்த லொறியிலேயே அவனை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது கண் போய்விட்டது. தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அன்றைக்குச் சாயந்தரமே செல்லச்சாமி ஹோஸின் பிளந்த துண்டை வெட்டிப் புதருக்குள் வீசிவிட்டு, இரண்டு நுனிகளையும் கப்ளிங் போட்டு இணைத்தார். மறுநாள் காலையில் காத்தாயியைக் கூப்பிட்டு ஒரு கடதாசியையும் மைப்பெட்டியையும் நீட்டினார். கடதாசி சிங்களத்தில் எழுதியிருந்தது.

"பெருவிரலை வை."

"என்னா எழுதியிருக்கு?"

"விபத்து நடந்துச்சுன்னு எழுதியிருக்கு. வேற என்னா எழுதுவாங்க?"

காத்தாயிக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தக் கடதாசி இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. விபத்து நடந்தது என்று சொல்ல இரண்டு பக்கம் எதற்கு என்று அவளுக்குப் பட்டது.

"சரி ஐயா. கீழ தேத்தண்ணிக் கடை முதலாளிகிட்டக் காட்டி வாசிச்சுக் கேட்டுட்டு வந்து வைக்கிறேன்" என்று அவள் கடதாசியை எடுத்ததுதான் தாமதம், செல்லச்சாமி பாய்ந்து பிடுங்கினார். அதிலிருந்தே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான் கைய விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க. அப்பிடித்தானே?"

"நீதானே புடிச்சிருந்த?"

"நான்தான் புடிச்சிருந்தேன். கிழிஞ்ச ஹோஸை மடின்னு சொன்னது யாரு? அதையும் எழுதுங்க. ரெண்டையும் எழுதினா ஒரு வெரல் இல்ல, பத்து வெரலையும் வைக்கிறேன்."

செல்லச்சாமியின் குரல் தணிந்தது. அவர் தணிந்து பேசும்போதுதான் ஆட்கள் பயப்படுவார்கள். "பிரஜாவுரிமை இல்லாத ஆளு நீ. பொலிஸுல நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேலையும் போகும், குடியிருக்கிற காம்பிராவும் போகும்."

"சொல்லுங்க. பொலிஸு வந்தா அவங்களுக்கும் அந்த ஹோஸைக் காட்டுறேன்."

அவள் புதருக்குள் இறங்கி, முள் கிழிக்கக் கிழிக்கத் தேடி, வெட்டி எறிந்த துண்டைக் கண்டெடுத்தாள். முழங்கை நீளம் இருந்தது. சேலைத் தலைப்பில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அழகையா அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, ஒரு தோட்டத்தை விட்டு வந்தாச்சு. இதையும் விட்டா எங்க போறது? லக்கலைக் காட்டுக்கா? வெரலைத்தானே கேக்குறாங்க. வச்சுட்டு வந்துரேன்."

"வச்சா இருளாண்டிக்கு ஒரு சதமும் குடுக்கமாட்டாங்க. அவன் கண்ணுபோனது என்னாலன்னு ஆயிரும். என் கை அதுல இருந்துச்சு, அதை நான் மறக்கப்போறதில்ல. ஆனா முழுப்பழியையும் என் தலையில கட்டிட்டு அவரு ஒதுங்கிப் போக விடமாட்டேன்."

மறுநாள் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அவள் போனாள். வழக்கமாக உட்காரும் பாறையில் போய் உட்கார்ந்தாள். மடிக்கிற வேலையைச் செல்லச்சாமி சந்திரகாந்தாவிடம் கொடுத்தார். கல்லுடைக்கிறவள், காத்தாயியின் பக்கத்துக் காம்பிராக்காரி. அவள் பயந்துகொண்டே ஹோஸைத் தூக்கியபோது காத்தாயி சேலைத் தலைப்பை அவிழ்த்து, பிளந்த துண்டை அவள் மடியில் வைத்தாள். துண்டின் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. காத்தாயியின் முழங்காலில் இருந்து வந்த ரத்தம் அது. சந்திரகாந்தா ஹோஸைக் கீழே போட்டுவிட்டுத் தன் சுத்தியலிடமே திரும்பிப் போய்விட்டாள். அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார், அவளும் வரவில்லை. ஆண்களைக் கூப்பிட்டார். ஒருவருக்கு இடுப்பு வலி, இன்னொருவருக்குக் கை வலி.

கடைசியில் ஓவசியர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே உட்கார்ந்தார். முதல் துளைக்கு மடித்தார். இரண்டாவதுக்கு மடிக்கும்போது ஹோஸ் அவர் தொடைக்கடியில் ஒரு துள்ளுத் துள்ளியது. அவ்வளவுதான். அவர் எழுந்து ஓடிய ஓட்டத்தில் ஒற்றைச் செருப்பு பாறையிலேயே தங்கிவிட்டது. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கத் துணியவில்லை, காத்தாயியைத் தவிர.

அன்று மத்தியானமே அவள் மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். முதலில் ஆஸ்பத்திரி. இருளாண்டியின் முகம் முழுக்கத் துணி. தாடை கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. அவள் கட்டிலோரம் நின்று, "தம்பி, மடிச்சது நான்தான். மறைக்க வரல்ல. ஆனா தொழில் கந்தோருக்குப் போறேன், நடந்ததை நடந்தபடி சொல்லப்போறேன். ஒனக்குச் சம்மதமா?" என்றாள். அவன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த ஹோஸ் துண்டை வாங்கி, பிளவை விரலால் தடவி, திருப்பிக் கொடுத்து, போ என்று கையசைத்தான்.

தொழிலாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் தொழில் கந்தோரில் இருந்த ஐயா சிங்களவர். வயதானவர். பியோன் அவளை வெளியே நிற்கச் சொன்னான். அவள் உள்ளே போய்த் துண்டை மேசைமேல் வைத்துச் சிங்களத்திலேயே நடந்ததைச் சொன்னாள். அவர் ஹோஸை மடித்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். "இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடிப்பாய்?" என்று கேட்டார். "முப்பது" என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் கந்தோரிலிருந்து கடிதம் போக, ஸக்கரியா முதலாளி தன் பழைய காரில் குவாரிக்கு வந்து இறங்கினார். மெல்லிய மனிதர், தலையில் துருக்கித் தொப்பி, வெயிலுக்குக் குடை. செல்லச்சாமி பக்கத்திலேயே நடந்தார்.

"என்ன பிள்ளை இது? கல் இல்லாம ரோட்டு வேலை நிக்கிது. ஒனக்கு என்னதான் வேணும்?"

"மேல ஹோஸ் முனையில ஒரு டெப்பு வைங்க மொதலாளி. காத்தை இங்கயே மூடித் தொறக்கலாம். யாரும் மடிக்கத் தேவையில்ல. ரெண்டாவது, கம்பிரஷருகிட்ட வால்வுல எப்பவும் ஒரு ஆளு நிக்கணும். ஏதும் நடந்தா உடனே மூட."

"டெப்பு வச்சாச் சரியா? பிறகு சத்தம் வரக்கூடாது."

"வைங்க, பாப்போம்."

டெப் வந்தது. அதை மூடித் திறக்கும் வேலைக்குக் காத்தாயியையே திரும்ப வைத்தார்கள். பித்தளை, நல்ல கனம். அதை முனையில் மாட்டிய முதல் நாளே புது வில்லங்கம். டெப்பின் பாரத்தில் ஹோஸின் கழுத்து தொங்கி, கப்ளிங்குக்குப் பின்னால் தானாகவே ஒடிந்தது. காற்று குறைந்து மெஷின் இருமியது. செல்லச்சாமிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"பாத்தியா? நீ மடிக்கமாட்டேன்னியே, இப்ப அதுவாவே மடிஞ்சுக்குது!"

காத்தாயிக்கு முகம் சுண்டியது. ஆனாலும், "மடியுதுன்னா ஏன் மடியுதுன்னு பாக்கணும். அதுக்காகத் திரும்பப் போயி முழங்காலைப் போடமாட்டேன்" என்றாள்.

இருளாண்டியைப் பார்க்க மறுபடி மாத்தளைக்குப் போனவள், பஸ் வரும்வரை ஜுனைதீன் என்பவருடைய டயர் கடையோரம் நின்றாள். லொறிச் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார் அவர். அந்த ஹோஸ் நாள்முழுக்க இழுபடுகிறது, தரையில் கிடக்கிறது, லொறி ஏறி இறங்குகிறது. ஆனால் அதன் கழுத்து ஒடியவில்லை. பிடிக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குச் சுருள்கம்பி ஒன்று ஹோஸைச் சுற்றி ஏறியிருந்தது. வளைத்தால் ஹோஸ் வில்போல வளைந்தது, முறிந்து சப்பையாகவில்லை.

"நானா, இந்தக் கம்பி என்னத்துக்கு?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"இதில்லாட்டிக் கழுத்து ஒரு மாசத்துல முறிஞ்சி பெய்த்திடும் தங்கச்சி. ஏன், நீங்களும் டயர் கடை போடப்போறீங்களா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஜுனைதீன் சிரிப்பை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கடைக்குப் பின்னால் கிடந்த பஸ் சீட்டு ஒன்றிலிருந்து இரண்டு சுருள்கம்பிகளை உருவி, சுத்தியலால் தட்டி இழுத்து, ஹோஸின் பருமனுக்குச் சரிசெய்து கொடுத்தார். தேய்ந்துபோன லொறி டயர் ஒன்றையும் நாலாக அறுத்துக் கொடுத்தார். "ஹோஸ் கல்லுல வளையிற எடத்துக்கெல்லாம் இதைக் கவுத்து வைங்க. சட்டியுட முதுகுபோல இருக்கும். கூரான முனையில படாது." காசு வாங்க மறுத்துவிட்டார். டயர்த் துண்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏற, கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றான். அவள் இறங்கமாட்டேன் என்றாள். அவளோடும் டயரோடும் பஸ் போயிற்று.

வீட்டில் அழகையா டயர்த் துண்டுகளையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கம்பி முறுக்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு அவளோடு குவாரிக்கு ஏறினார். சுருள்கம்பியைக் கப்ளிங்கோடு சேர்த்து அவர்தான் முறுக்கிக் கட்டினார். ஓவசியர் தூரத்திலிருந்து அதட்டியபோது, கல்யாணம் ஆன பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அழகையா தலையை நிமிர்த்தி, "வேலை செய்யிறோம் ஐயா, கொஞ்சம் இருங்க" என்றார். காத்தாயி சுருள்கம்பியின் மறுநுனியை அவருக்கு இன்னும் இறுக்கிப் பிடித்துக் கொடுத்தாள்.

டயர் முதுகுகளை விளிம்பில் இரண்டு இடத்தில் வைத்தார்கள். ஹோஸ் அவற்றின்மேல் வட்டமாக ஏறி இறங்கியது. ஆனாலும் நடுவில் ஓரிடத்தில் சுருண்டு கண்ணி விழுந்துகொண்டேயிருந்தது. எத்தனை தடவை நிமிர்த்தினாலும் அங்கேயே விழுந்தது. காத்தாயி ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்ளிங்கை இறுக்கும்போது ஹோஸும் சேர்ந்து முறுகுகிறது, அந்த முறுக்குத்தான் நடுவில் போய் இறங்குகிறது என்று சாயந்தரமாகத் தெரிந்தது. கிணற்றுக் கயிறு முறுகினால் கண்ணி விழுவது மாதிரி. ஹோஸைத் தரையில் நேராகக் கிடத்தி, சுண்ணாம்பைக் கரைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள். கப்ளிங்கை மாட்டியபிறகு கோடு சுற்றிக்கொண்டு போனால் முறுக்கு இருக்கிறது, கழற்றித் திரும்ப மாட்டு. கோடு நேராகப் போனால் காற்றைத் திற. எழுத்துத் தெரியாத யாருக்கும் விளங்கிவிடும்.

கந்தோர் ஐயா வந்து பார்த்தது அதற்குப் பிறகுதான். கடதாசி புதிதாக எழுதப்பட்டது. அவரே வாசித்துக் காட்டினார். ஹோஸ் பழுதென்று முன்கூட்டியே சொல்லப்பட்டது, அதன்பிறகும் மடிக்கச் சொல்லப்பட்டது என்று அதில் இருந்தது. காத்தாயி விரலை வைத்தாள். இருளாண்டிக்கு நட்டஈடு கிடைத்தது. பெரிய தொகையில்லை, ஆனால் கிடைத்தது.

பிரச்சினை இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மூன்று மாதம் கழித்து இருளாண்டி கறுப்புத் துணியால் கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு வேலை கேட்டு வந்தான். செல்லச்சாமி கையை விரித்தார்.

"ஒத்தைக் கண்ணோட மெஷின் புடிக்க ஏலாதுப்பா. நான் என்ன செய்யிறது?"

அன்று ஸக்கரியா முதலாளியும் வந்திருந்தார். காத்தாயி ஹோஸை வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"கம்பிரஷருகிட்ட ஒரு ஆளு வேணுமுன்னு அன்னைக்கே சொன்னேன் மொதலாளி. டெப்பைக் குடுத்தீங்க, ஆளைக் குடுக்கல்ல. காத்து என்னா செய்யுமுன்னு இவனைவிடத் தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா? இவனை அங்க நிப்பாட்டுங்க. இல்லாட்டி நான் டெப்பைத் தொறக்கமாட்டேன்."

"மறுபடியும் மாட்டேனா?" என்றார் முதலாளி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அல்லாஹ்வே, இந்தப் பிள்ளைக்கு வேற வார்த்தை தெரியாதா? சரி, நிக்கட்டும்."

இருளாண்டி கீழே போய் வால்வின்மேல் கையை வைத்து நின்றான். அவனுக்குப் பதிலாக மெஷினை ஏனோதானோவென்று பிடித்துக்கொண்டிருந்த ஆள், கழற்றுகிற நேரம் வந்தால் இன்னும் பின்வாங்குவான். இருளாண்டி குந்தியிருந்து அடிபட்ட அதே இடம். அன்று காத்தாயி அந்த ஆளை விலகச் சொன்னாள். டெப்பை மூடினாள். மேலிருந்து சிவப்புச் சீலைத் துண்டை ஆட்டிச் சைகை காட்டினாள். கீழே இருளாண்டி வால்வை மூடினான். கம்பிரஷரின் இரைச்சல் தணிந்தது. அவள் அந்த இடத்திலேயே குந்தி, முகத்தைத் திருப்பாமல், தன் கையால் கப்ளிங்கைக் கழற்றினாள். தங்கியிருந்த காற்று ஒரு பெருமூச்சுப்போல வெளியேறியது. ஹோஸின் முனை அவள் கையில் ஆடாமல் அசையாமல் கிடந்தது.

குழலை மாட்டி, மறுபடி சீலையை ஆட்டி வால்வைத் திறக்கவைத்து, டெப்பைத் திறந்து தூளை ஊதினாள். வெள்ளைத் தூள் துளையிலிருந்து குபுகுபுவென்று கிளம்பி அவளையும் மூடியது.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவள் அங்கே வேலை செய்தாள். செல்லச்சாமி போய் வேறு ஓவசியர்கள் வந்தார்கள். அவசரக்காரர்கள் சிலர் ஹோஸை மடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவன் தானே மடிக்கக் குனிந்தபோது, "கைய எடுங்க ஐயா, அது ஒங்க வீட்டுப் பாய் இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். அவன் கையை எடுத்துவிட்டான்.